எட்டுப் பேரும் கட் செய்த அழைப்பு

எங்கள் லைன் வீட்டில் ஒன்பது குடும்பம், வாசலில் ஒரே குழாய். தண்ணீர் எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை வரும். எந்த நேரத்தில் என்பது அந்தக் குழாய்க்கே தெரியாது. எல்லோரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். தண்ணீருக்காக வீட்டில் உட்கார்ந்தால் அன்றைய ஷிப்ட் போச்சு.

கடைசி வீட்டு அக்கா மட்டும் பகலில் இருப்பார். பல வருடம் மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்று மூச்சிளைப்பு வாங்கிக்கொண்டவர், தனி ஆள். வீட்டிலேயே பனியனுக்குப் பிசிறு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பழைய செல்போன் வாங்கி அவர் கையில் கொடுத்தோம். குழாய் சீறியதும் எட்டு வீட்டுக்கும் மிஸ்டு கால் கொடுப்பார். நாங்கள் கட் செய்வோம். கட் செய்தால் தெரிந்துகொண்டோம் என்று அர்த்தம். அன்றைய முறைக்காரர் பர்மிஷன் போட்டு வந்து ஒன்பது வீட்டுக் குடங்களையும் நிரப்ப வேண்டும். யாரும் போனை எடுக்கக் கூடாது, அக்காவுக்குக் காசு போகும். இந்தச் சட்டத்தைப் போட்டவள், தெற்கேயிருந்து பிழைக்க வந்த வாயாடி, நான்தான். மறந்து எடுத்தவர்களைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன்.

அன்று என் முறை. செக்கிங் டேபிளில் நிற்கும்போது போன் அதிர்ந்தது. முந்தாநாள்தானே வந்தது, இன்று மறுபடியுமா என்று சந்தோஷத்தோடு கட் செய்தேன். திரும்பவும் அதிர்ந்தது.

"அதான் தெரிஞ்சிட்டுல்லா, சும்மா சும்மா எதுக்குக்கா அடிக்கீய" என்று முணுமுணுத்து அதையும் கட் செய்தேன். கையிலிருந்த பனியன் கட்டைப் பார்த்து முடித்து, சூப்பர்வைசரிடம் கெஞ்சி, வழியில் ஒரு டீயும் குடித்துவிட்டுத்தான் போனேன். அந்த டீயை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

குழாய் காய்ந்து கிடந்தது. அக்கா தன் வாசற்படியில் சரிந்து, போனை நெஞ்சோடு பிடித்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். மருந்து தீர்ந்திருந்தது. எப்படியோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஊசி போட்டு முகத்தில் மாஸ்க் வைத்த பிறகுதான் நெஞ்சு ஏறி இறங்குவது அடங்கியது. அவருடைய போனைப் பார்த்தேன். ஒரு வீடு விடாமல் கூப்பிட்டிருந்தார். ஒரு வீடு விடாமல் கட் செய்திருந்தோம்.

"அழுவாத கண்ணு. உம்மேல தப்பில்ல, நாம வச்ச பழக்கந்தான" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் அக்கா வீடு திரும்பியிருந்தார். போன் அதிர்ந்தது, முதல் அதிர்விலேயே எடுத்தேன்.

"ஏங்கண்ணு, நீயுமா எடுக்கற? உனக்கு முன்னால ஏழு பேரும் எடுத்துப் போட்டாங்க! தண்ணிதான் வந்திருக்குது, எனக்கு ஒண்ணுமில்ல, வையி போன!" என்று கத்தினார்.

நான் வைக்கவில்லை. அவர் திட்டி முடித்ததும் மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.