பன்னிரண்டுக்கு மேல் ஒன்று

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி சுமாருக்கு, ஐந்து விநாடி நான் மூச்சு விடவில்லை. ஐந்து என்பது குத்துமதிப்பு அல்ல. துல்லியமான கணக்கு. எப்படித் தெரியும் என்கிறீர்களா? சொல்கிறேன்.

என் மகள் தர்ஷினிக்குப் பதினோரு வயது. விருதுநகரிலிருந்து மல்லாங்கிணறு போகிற வழியில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப் இருக்கிறது. ஆறு மாதமாக அங்கே போய்வருகிறாள். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும் – பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள். நான் எப்படி இதற்குச் சம்மதித்தேன்? அவள் அப்பா உடனே சரி என்றார். நான் ‘யோசிக்கலாம்’ என்றேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு மாதம் ஓடிவிட்டது.

காற்றுத் துப்பாக்கிதான். பிளாஸ்டிக் குண்டுதான். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் சுடுகிறார்கள். இருந்தாலும்...

இவள் சேர்ந்திருப்பது ‘பிராக்டிகல் ஷூட்டிங்’. ஒரே இடத்தில் நின்று ஒரே வட்டத்தைக் குறி பார்க்கிற சமாசாரம் இல்லை. நடந்துகொண்டே, தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, அங்கங்கே வைத்திருக்கும் இலக்குகளைச் சுட வேண்டும். ஞாயிறன்று நான்கு அட்டைகள், நான்கு சின்ன இரும்புத் தகடுகள். ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு குண்டு பட வேண்டும். நடுவில் பட்டால் ஐந்து புள்ளி, அதைச் சுற்றிப் பட்டால் மூன்று, ஓரம் என்றால் ஒன்று. தகடு விழுந்தால் ஐந்து. விழாமல் நின்றால் அந்த ஐந்தும் கிடையாது, மேற்கொண்டு பத்துப் புள்ளி கழிவு!

இதோடு முடியவில்லை. வந்த மொத்தப் புள்ளியை, எடுத்துக்கொண்ட விநாடியால் வகுக்கிறார்கள். வருவதுதான் ஸ்கோர். நிதானமாக எல்லாவற்றையும் நடுவில் அடித்தாலும் பிரயோசனமில்லை, அரக்கப்பரக்கச் சுட்டாலும் பிரயோசனமில்லை. என் மாமியார் வீட்டுச் சமையல் மாதிரி – ருசியும் இருக்க வேண்டும், எட்டு மணிக்குள்ளும் முடிய வேண்டும்.

நுழைவாயிலில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். இலக்குகளின் படம். அதன் கீழே ‘ரவுண்டு – 12’. அட்டைக்கு எட்டு, தகட்டுக்கு நாலு, ஆகப் பன்னிரண்டு குண்டு. சரிதானே? நான் தர்ஷினியை ஓரமாகக் கூப்பிட்டேன்.

“பாப்பா, பன்னிரண்டுதான் சுடணும். எண்ணிக்கிட்டே சுடு. ஒண்ணு கூடினாலும் தப்பு.”

“கோச் சார் அப்படிச் சொல்லலையேம்மா?”

“தாள்ல போட்டிருக்குல்ல!”

எங்கள் வீட்டில் இதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். இவள் அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அங்கே ஒவ்வொரு ஷெட்டின் சுவரிலும் எண் எழுதியிருக்கும் – உள்ளே இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து. அதற்கு மேல் ஓர் ஆள், ஒரு கிலோ கூடினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சுவரில் எண்ணைப் பார்த்தால் அது எல்லை. அப்படித்தான் வளர்ந்தோம். அப்படித்தான் வளர்க்கிறோம்.

அவள் முறை வந்தது. மேகசினில் இருபது குண்டுகள் நிரப்பினாள். மிச்சம் எட்டு எதற்கு என்று எனக்கு அப்போதாவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

பக்கத்தில் கனகா அக்கா. மிளகாய் வற்றல் மண்டிக்காரர் மனைவி, அவர் மகள் இரண்டு வருடமாக இங்கே சுடுகிறாள்.

“என்னங்க தர்ஷினி அம்மா, இப்படி வேர்க்குது? சுடப் போறது நீங்களா, பிள்ளையா?”

‘பீப்’ என்று டைமர் சத்தம். தர்ஷினி கிளம்பினாள். டப் டப்... டப் டப்... நான் வாய்க்குள் எண்ணினேன். அட்டைகள் முடிந்தன, எட்டு. தகடு விழுந்தது, ஒன்பது. பத்து. பதினொன்று – விழவில்லை. பன்னிரண்டு. அது அடுத்த தகடு, விழுந்துவிட்டது.

பன்னிரண்டு ஆகிவிட்டது. ஒரு தகடு அப்படியே நிற்கிறது. தர்ஷினியும் நின்றுவிட்டாள்.

“ஏன் நிக்குறா? அடிக்க வேண்டியதுதானே?” என்றார் கனகா அக்கா.

“பன்னிரண்டு முடிஞ்சிருச்சேக்கா.”

“ஆத்தாடி! அது கொறஞ்சது பன்னண்டுங்க. தப்புனதுக்கு அதுக்கு மேல எம்புட்டு வேணாலும் அடிச்சுக்கலாம். யாரு சொன்னா ஒங்களுக்கு?”

யார் சொன்னார்கள்... நான்தான் சொன்னேன். எனக்கும் நான்தான் சொல்லிக்கொண்டேன்.

கத்த முடியாது. வெளியிலிருந்து சொல்லிக் கொடுத்தால் அவளுக்குத்தான் தண்டப் புள்ளி. ஆனால் என் பயம் அதுவல்ல. என் மகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையில் பென்சில் வாங்கினாலும், எது வேண்டும் என்று கேட்டால், திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். பழக்கியவள் நான். இங்கே துப்பாக்கி எப்போதும் எதிரே உள்ள மண்மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் திரும்பினால் அத்தோடு சரி, போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். ஆறு மாத உழைப்பு, என் ஒரு வரி அறிவுரையால்.

அவள் தோள் லேசாக அசைந்தது.

திரும்பாதே பாப்பா... என்னைப் பார்க்காதே.

தோள் மறுபடி நேரானது. டப்! தகடு விழுந்தது.

“முடிச்சிட்டியா? காலி பண்ணிக் காட்டு” என்றார் நடுவர். மேகசினைக் கழற்றிக் காட்டினாள். தகடு விழுந்ததும் வந்த என் மூச்சு, ‘ரேஞ்ச் கிளியர்’ என்ற குரல் கேட்ட பிறகுதான் சீரானது. கனகா அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பாதியைக் குடித்துவிட்டேன்.

டைமர் ஒவ்வொரு குண்டின் நேரத்தையும் பதிந்து வைக்கும். பன்னிரண்டாவது குண்டு – இருபத்திரண்டு விநாடி. பதின்மூன்றாவது – இருபத்தேழு. நடுவர் கணக்குப் போட்டார். ஐம்பத்து நான்கு புள்ளி, இருபத்தேழு விநாடி, ஸ்கோர் சரியாக இரண்டு. நானும் போனில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பேச்சைக் கேட்டுப் பன்னிரண்டோடு நிறுத்தியிருந்தால், கழிவு போக முப்பத்தொன்பது புள்ளிதான். இருபத்திரண்டால் வகுத்தால் இரண்டைக்கூடத் தொடவில்லை. என் பேச்சே இல்லாமல் இருந்திருந்தால்? இரண்டரையை நெருங்கியிருப்பாள்!

“அம்மா பன்னிரண்டுன்னு சொன்னேனே, எப்படி மீறினே?” என்று கேட்டேன். திட்டுவதற்காக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள.

“தகடு நின்னுட்டிருந்துச்சும்மா. வெடிக்காமக் கெடக்குற பட்டாசை அப்படியே போட்டுட்டு வரக்கூடாது, வாளித் தண்ணியை ஊத்திட்டுத்தான் வரணும்னு அப்பா சொல்வாங்கல்ல?”

அதுவும் எங்கள் வீட்டு விதிதான். எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மதியம் போன் செய்த அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முதலில் “பிள்ளை கண்ணாடி போட்டிருந்தாளா?” என்றார். பிறகு சிரித்தார். “ஏய், அது ஷெட்டுக்கு உள்ள கணக்கு. நீ அதை ஊரு பூராவும் எழுதி ஒட்டிட்டுத் திரியுற.”

உண்மைதான். போன் அரை மணி நேரம், தோழி வீடு ஆறு மணி வரை, ஐஸ்கிரீம் ஒன்று... நான் சொல்கிற எண்ணெல்லாம் உச்சவரம்பு. குறைந்தபட்சம் என்று நான் அவளுக்குச் சொல்வது இட்லிக்கு மட்டும்.

ஸ்கோர் சீட்டில் தர்ஷினி கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் நடுவர் போட்டார். நடுவில் போன அந்த ஐந்து விநாடிக்கு அம்மா கையெழுத்துப் போட ஒரு கட்டம் வைத்திருக்கலாம்!