தூக்கிப் போட்ட பதினோரு மாதங்கள்

அம்பத்தூர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஓர் அக்கா. திருமழிசைக்காரர். கச்சா எண்ணெய் விலை திடீரென்று ஏறினால் பங்குச் சந்தை எவ்வளவு விழும் என்று கணிக்கும் கணினி மாடலை உருவாக்குவது எங்கள் வேலை. எழுதுவது நான், சரிபார்த்து ஒப்புதல் தருவது அவர். இது வாடிக்கையாளருக்குப் பிடித்துவிட்டால் குழுத் தலைவர் பதவி அவருக்குத்தான். எட்டு வருடமாகக் காத்திருந்தார்.

மாடல் அழகாக வந்திருந்தது. வராமல் என்ன? சந்தை பீதியில் அலறிய மாதங்களையெல்லாம் விதிவிலக்கு என்று சொல்லி நான்தான் தரவிலிருந்து தூக்கியிருந்தேனே! வரைபடத்தில் கோடு ஒழுங்காக வருவதற்கு எங்கள் தொழிலில் பலரும் காட்டுகிற கைவரிசை அது.

ஏற்கெனவே ஒப்புதல் தந்திருந்த அக்கா, வாடிக்கையாளரோடு நடக்கவிருந்த கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாபா, பதினோரு மாசத்தைக் காணோம்?"

"அதைச் சேர்த்தா மாடல் சரியா பொருந்த மாட்டேங்குதுக்கா."

"ஏரி காஞ்சி கீறப்போ பெய்யற மழையும், ரொம்பிக்கினு கீறப்போ பெய்யற மழையும் ஒண்ணா? சனம் ஏற்கெனவே பயந்துகினு கீறப்போ அதே விலையேத்தம் இன்னா பண்ணும்? அது இதுல எங்க கீது?"

இன்றைக்கு இதையே காட்டிவிடலாம், அடுத்த வாரம் திருத்தித் தருகிறேன் என்று கெஞ்சினேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கூட்டத்தில் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார்: இந்த மாடல் சந்தை அமைதியாக இருக்கும்போதுதான் செல்லும், பீதிக் காலத்தில் இதை நம்பாதீர்கள், கவனிக்காமல் ஒப்புதல் தந்தது என் தவறு. அக்கா நான் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, இப்படியும் ஒருத்தர் இருப்பாரா என்று பிரமிப்பாக இருந்தது.

பதவி வேறொருவருக்குப் போனது. அக்கா ஒரு நாள்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அமைதிக்கு ஒரு கணக்கு, பீதிக்கு ஒரு கணக்கு, எப்போது ஒன்று இன்னொன்றாக மாறும் என்பதற்குத் தனியாக ஒன்று என்று ஒரு மாதம் என்னோடு உட்கார்ந்து மாடலை மறுபடி கட்டினார். கோடு இந்த முறை நிஜச் சந்தையைப் போலவே கோணல்மாணலாக வந்தது. அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

வேலை முடிந்த அன்று டீக்கடையில் கேட்டேன், என் பேரை ஏன் சொல்லவில்லை என்று.

"உன்ன மாட்டி வுட்ருந்தா, இனிமே எவன்பா எங்கிட்ட தப்பைக் கொண்டாந்து காட்டுவான்?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு மேலாளர் அறைக்குப் போனேன், அந்த மாதங்களைத் தூக்கியது நான்தான் என்று சொல்ல. அக்கா தன் தவறைச் சொல்ல ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. நான் என்னுடையதைச் சொல்ல ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன்.