ஆளுக்கொரு தட்டு

இங்கே மலாவியில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு குழந்தை முட்டி போட்டு என் கையில் தண்ணீர் ஊற்றும். பதறிப்போய் “எழுந்திரு” என்பேன்; அது இன்னும் தாழக் குனியும். தொண்ணூறுகளின் கடைசியில் வேலூர் நர்ஸ் வேலையை விட்டு இந்த அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு வந்தேன். ஐந்து வருஷமாகியும் எனக்கு இது கூச்சம்தான்.

வந்ததும் நான் செய்த முதல் காரியம், ஆளுக்கொரு தட்டு. அதுவரை நாலைந்து பிள்ளைகள் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, சோளமாவில் கிண்டிய ‘ந்சிமா’வைப் பிட்டுத் தின்றார்கள். சளி, இருமல், வயிற்றுப்பூச்சி எல்லாம் ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குப் போகும். விடுவேனா நான்? தட்டுகளில் பெயர் எழுதி ஒட்டினேன். ஊருக்குப் பெருமையாகக் கடிதம் வேறு.

இத்தனைக்கும் நான் ஆம்பூர்க்காரி. பக்கத்து முஸ்லிம் வீட்டு நஸீமா காலா எனக்குச் சித்தி மாதிரி; அவர் மகள் கல்யாணத்தில் ஒரே தட்டில் பிரியாணியைக் குவித்து, நாலு பேரைச் சுற்றி உட்காரவைத்தார்கள். சர்ச் வீட்டுப் பெண் நான் தயங்கி நின்றேன். “இன்னாம்மா ஒதுங்கி நிக்கிற? வந்து கை போடு. நீ தனியா துன்னா எங்களுக்கு எறங்குமா?” என்று காலா கையைப் பிடித்து இழுத்தார். கறித்துண்டெல்லாம் என் பக்கமே வந்தது.

நான் மலாவிக்கு வந்த வருஷமே சிசோமோ இல்லத்துக்கு வந்தாள். ஆறு வயது. கூடவே மூன்று வயதுத் தம்பி லிம்பானி. அப்பா முன்பே இல்லை. அம்மா எய்ட்ஸில் போய் ஒரு மாதம் ஆகவில்லை. தம்பி முன்னால் தட்டை வைத்தால் இவள் தள்ளிவிடுவாள். தானும் தொடமாட்டாள். நாலாம் நாள் பையன் சுருண்டு படுத்துவிட்டான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவனைத் தூக்கி மடியில் வைத்து அவன் தட்டிலிருந்து ஊட்டப்போனேன். சிசோமோ வீறிட்டாள்.

சமையல்காரி எஸ்தர் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். அரைகுறை ஆங்கிலத்தில் அவள் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்: “சிஸ்டர், நோயின்னு தெரிஞ்சதும் இவங்க அம்மாவுக்குத் தட்டைத் தனியா வெச்சிட்டாங்க. தனித் தட்டு வந்தது, அம்மா போய்ட்டா. இப்ப தம்பிக்கும் தனித் தட்டு வந்திருக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தட்டால் அந்த நோய் ஒட்டாது என்று வேலூரில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். பாவி, நானே அந்தத் தட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

பெரிய தட்டை எடுத்து நடுவில் வைத்து, தரையில் உட்கார்ந்தேன். முதல் வாய் நான் தின்றேன். சிசோமோ என்னையே பார்த்தாள். அப்புறம் கொஞ்சம் பிட்டு, கீரையில் தொட்டு, தம்பி வாயில் வைத்தாள். அவன் விழுங்கினான். எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். பெயர் ஒட்டிய தட்டுகள் பரணுக்குப் போயின. சளிக்கும் பூச்சிக்கும் இப்போது சோப்பும் என் அதட்டலும் இருக்கின்றன. எனக்குத் தண்ணீர் ஊற்றுவது சிசோமோதான். வேறு யாரையும் செம்பைத் தொடவிடமாட்டாள்.

போன லீவில் ஆம்பூருக்குப் போனேன். பேச்சு சுவாரஸ்யத்தில் என் கை அம்மாவின் தட்டுக்குப் போய்விட்டது.

“இன்னாடி, உன் தட்டு அங்க இருக்குதே?” என்று சிரித்தாள் அம்மா. ஆனாலும் தன் தட்டை நடுவில் நகர்த்தி வைத்தாள்.

சாப்பிட்டு முடித்து அம்மா எழுந்துபோனாள். நான் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஊற்ற அங்கே சிசோமோ இல்லை.