நங்கையாவின் காப்பு

எங்கள் கடன் பட்டியலை நான் எழுதிய லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். விவரம் தெரிந்தவர்கள் வட்டியைப் பார்த்து எழுதுவார்கள். நான் சத்தத்தைப் பார்த்து எழுதினேன். வாசலில் வந்து நின்று கத்துகிறவர் முதலில். போனில் கத்துகிறவர் அடுத்து. கத்தாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறவர் அதற்கும் கீழே. மகளுடைய பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினொரு வரிகள். பதினொன்றாவது வரியில் "நங்கையா காப்பு" என்று மட்டும் இருந்தது. அதற்கு நேராகத் தொகைகூட நான் போடவில்லை.

வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்போம். என் நங்கையா பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்கிறவர். விடிவதற்குள் போய் வெற்றிலை கிள்ளி, நிழலில் உட்கார்ந்து எண்ணி அடுக்கிக் கட்ட வேண்டும். பிள்ளை இல்லை. அவர் வீட்டுக்காரரும் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கையில் கிடந்த ஒரு ஜோடி காப்பு, நாலு பவுன், முழுக்க அவர் கூலிக்காசில் சிறுகச் சிறுகச் சேர்த்துச் செய்தது.

என் வீட்டுக்காரர் ஃபைனான்ஸில் ஒரு பழைய லாரி எடுத்தார். நாமக்கல்லில் பிறந்துவிட்டு சொந்த வண்டி இல்லாமல் இருந்தால் சோறு இறங்காது என்ற வயது அவருக்கு. இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு இன்ஜின் போனது. இன்ஜினுக்கு ஒரு கடன், அந்தக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன், டயருக்கு ஒன்று. கடைசியில் தவணை தவறி, லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது நடுரோட்டில் வண்டியை மறித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மனுசன் ஒரு கையில் ஸ்டவ்வும் இன்னொரு கையில் போர்வையுமாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நங்கையா வந்துவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"சோப்பு எடுத்தா சாமி" என்றார்.

கை கழுவத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். தொட்டிப் பக்கம் போய் மணிக்கட்டில் சோப்பைத் தேய்த்துக் காப்பை இழுக்க ஆரம்பித்தார். வருடக்கணக்காகக் கழற்றாத காப்பு, சதையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றது. வலியில் பல்லைக் கடித்தார்.

"நங்கையா, வேண்டாமுங்க" என்றேன். அது சும்மா ஒரு பேச்சுக்குத்தான். மனசுக்குள் வேண்டும், வேண்டும் என்று அடித்துக்கொண்டது.

"என்ற கையில கெடந்தா என்ன, பேங்கில கெடந்தா என்ன சாமி. மொதல்ல உங்க கடனெல்லாம் ஒரு வழிக்கு வரட்டும். நீ வெசனப்படாத."

அந்தக் காப்பை என் பேரில் அடகு வைத்த பணத்தில்தான் வீட்டு வாடகை பாக்கியைக் கட்டினோம், மகளுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினோம், வாசலில் நின்று அசிங்கமாகப் பேசியவனின் வாயை அடைத்தோம். அன்றைக்கு அது இல்லையென்றால் எங்கள் கதி என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயம்.

அதன் பிறகு ஐந்து வருடம் நான் மனுசியாகவே இல்லை. ஒரு கோழிப்பண்ணை ஆபீஸில் முட்டைத் தட்டுக் கணக்கு எழுதும் வேலைக்குப் போனேன். அவர் வேறொருவர் லாரியில் டிரைவராகப் போனார். உடைந்த முட்டையைப் பண்ணையில் குறைந்த விலைக்குத் தருவார்கள். வீட்டில் வாரம் முழுக்க அதே குழம்பு. மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டு அழுதபோது, "ஊர் சுத்தறதுக்கு உங்கப்பன் என்ன மில்லா வெச்சிருக்கான்" என்று கத்தினேன். ஒவ்வொரு கடன் முடியும்போதும் அந்த வரியைச் சிவப்புப் பேனாவில் அடிப்பேன். அப்படி அடிக்கிற அன்றைக்கு மட்டும் எனக்கு நல்ல தூக்கம் வரும்.

காப்புக்கு வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி மறுபடி மாற்றி வைத்துக்கொண்டே வந்தேன். நங்கையா வரும்போதெல்லாம் அவருடைய வெறுங்கையைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டேன். அவரும் காப்பைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

பத்தாவது வரியையும் அடித்த நாளில் அரைக் கிலோ கறி எடுத்தோம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது என் வீட்டுக்காரர் சொன்னார், "அடுத்தது அக்கா காப்பத் திருப்பிரலாம்."

எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்ததோ தெரியவில்லை.

"திருப்பிட்டு? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆனா ஆரு வாசல்ல போய் நிக்கறது? மறுபடியும் அந்த நாய்ங்ககிட்ட பேச்சுக் கேக்கோணுமா? காப்பு பேங்கில பத்திரமாத்தான் இருக்குது. அதென்ன ஓடியா போகுது?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் எப்போதுமே இப்படித்தான். நான் சத்தம் போட்டால் துண்டைத்தான் தேடுவார்.

போனில் வரும் வீடியோவில் ஒரு அம்மாள் குடும்பக் கணக்கைப் பற்றிப் பேசுவதைத் தினமும் கேட்பேன். கடன் முடிந்ததும் ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள், எதற்கும் தொடாதீர்கள் என்பார். அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நல்லதைத்தான் சொன்னார். ஆனால் முதலில் கடன் முடிந்திருக்க வேண்டும். எனக்கு முடியவில்லை. பதினொன்றாவது வரி அப்படியே இருந்தது. கேட்காதவரிடம் வாங்கியது கடனே இல்லை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

மாதாமாதம் பேங்கில் போட ஆரம்பித்தேன். அந்தப் பாஸ்புத்தகத்தைப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருப்பேன். சும்மா எடுத்துப் பார்ப்பேன். அதைப் பார்த்தால் முதுகு நேராகும். ஒரு முறை நங்கையா பேச்சோடு பேச்சாக, "எல்லாம் தீந்துதா சாமி?" என்று கேட்டபோது, "இன்னுங் கொஞ்சம் பாக்கி இருக்குதுங்க நங்கையா" என்றேன். கண் இமைக்காமல் சொன்னேன்.

மாசி மாதம் மகளின் பிறந்தநாள் அன்று நங்கையா போன் செய்தார். பண்ணை ஆபீஸில் இருந்தேன். மகளைக் கேட்டார், அவர் தம்பி எந்த ஊர் லோடில் இருக்கிறார் என்று கேட்டார், வெயிலைப் பற்றிச் சொன்னார். போனில் அவருக்குப் பின்னால் பஸ் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. பிறகு சற்று நிறுத்தி,

"ஏஞ் சாமி, அந்தக் காப்பு பேங்கிலதான இருக்குது?" என்றார்.

"ஆமாங்க நங்கையா. பத்திரமா இருக்குதுங்க."

"ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன். கண்ணு சித்த மங்கலா இருக்குது, அதான் நெனப்பு வந்துது."

"வயசாச்சுன்னா அப்படித்தானுங்க. கண்ணாடி போட்டாச் சரியாப் போயிரும். தீவன லாரி வந்திருச்சுங்க, அப்பறமாப் பேசறேன்."

லாரி எதுவும் வரவில்லை.

எங்கள் ஊரில் பணத்தையோ பொருளையோ யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். மாடு எப்படி இருக்கிறது, மழை உண்டா என்று சுற்றிக்கொண்டு வந்து, கடைசியில் ஒண்ணுமில்லை சும்மாதான் என்பார்கள். அந்தச் சும்மாவுக்காகத்தான் போனே செய்திருப்பார்கள். எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டு தானாக எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் மட்டும் என்ன, வேறு தேசத்திலா பிறந்தேன்? எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்த மாதத்தோடு ஆறு மாதச் செலவு சரியாகச் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அதைத் தொட எனக்கு மனசு வரவில்லை. மனசு வரவில்லை என்றால் அவ்வளவுதான், அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் தலை முழுக நங்கையா வீட்டுக்குப் போனோம். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். நங்கையா காப்பி ஊற்றினார். டம்ளருக்குப் பக்கத்தில், தரையில் ஊற்றினார். சூடு காலில் பட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. "அட, டம்ளர் தள்ளிப் போச்சாட்ட இருக்குது" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் எழுந்து போய் அக்காவின் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினார். இடது பக்கம் ஆட்டியபோது நங்கையா அசையவே இல்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். மிளகாய் டப்பாவைக் காட்டினார். கரூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் சீட்டு மடித்துக் கிடந்தது. சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, உடனே ஊசி போட வேண்டும் என்று எழுதி, ஊசி ஒன்றுக்கு இவ்வளவு என்று பேனாவில் குறித்துக் கொடுத்திருந்தார்கள். தேதியைப் பார்த்தேன். என் மகளின் பிறந்தநாள். அன்றைக்குக் கேட்ட பஸ் ஹாரன் கரூர் பஸ் ஸ்டாண்டு ஹாரன். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, அங்கேயே நின்றுதான் எனக்குப் போன் செய்திருக்கிறார்.

மறுநாளே கரூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் சின்னப் பெண். சீட்டைப் பார்த்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சு மாசம் முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கோம். அப்பவே ஊசி போட்டிருந்தா ரெண்டு கண்ணையும் காப்பாத்திருக்கலாம். கூட இருக்கறவங்க நீங்க என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?"

வாய் நீளம் என்று ஊரே சொல்லும் என்னை. அன்றைக்கு அந்தச் சீட்டிலிருந்த தேதியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவுங்களுக்குத் தெரியாதுங்கம்மா. நாந்தான் சோம்பேறித்தனமா இருந்துட்டேன்" என்றார் நங்கையா.

இடது கண் போனது போனதுதான். வலது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி போட்டு, பார்வை இதற்கு மேல் இறங்காமல் நிறுத்தியிருக்கிறார்கள். பேங்கில் போட்டு வைத்ததை எடுத்துத்தான் செலவு செய்தேன். பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போடும்போது, இத்தனை நாள் முதுகை நேராக்கிய அந்தப் பாஸ்புத்தகத்தைப் பார்க்கவே கூசியது. மிச்சமிருந்த பணத்தில் காப்பைத் திருப்பினேன். திருப்ப ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த ஒரு மணி நேர வேலையைத்தான் அத்தனை நாள் தள்ளிப் போட்டிருந்தேன்.

காப்பை மடியில் முடிந்துகொண்டு தனியாகப் போனேன். நங்கையா வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். கிள்ளும் வேலைக்குப் போக முடியாததால், எண்ணிக் கட்டும் வேலையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து போடுகிறார்கள். விரலால் தடவித்தான் எண்ணுகிறார். நான் அவர் கையைப் பிடித்துக் காப்பைப் போட்டுவிட்டேன். சோப்பு தேவைப்படவில்லை. கை அவ்வளவு இளைத்திருந்தது. போட்டவுடன் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது.

"எதுக்கு சாமி இத்தன அவசரமா? உங்க கடனெல்லாம் தீரட்டும்னுதான சொன்னேன்."

"கடன் தீந்து ரெண்டு வருசம் ஆச்சுங்க நங்கையா." எப்படியோ சொல்லிவிட்டேன். "நாந்தானுங்க பொய் சொன்னேன். பணம் இருந்துதுங்க. நீங்க போன் பண்ணுனப்பவும் இருந்துதுங்க."

அவர் காப்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"தெரியும் சாமி. கடன் தீந்த அன்னைக்கே தம்பி போன் பண்ணிச் சொல்லிட்டான். கறி எடுத்தோம்னான். எனக்கு அத்தன சந்தோசமா இருந்துது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே என் பழைய புத்தியும் வந்தது. பாரத்தில் பாதியையாவது அவர் தலையில் இறக்கிவிடலாம் என்று பார்த்தது.

"எல்லாந் தெரிஞ்சும், எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம இருந்துட்டீங்களே நங்கையா."

அவர் தடவுவதை நிறுத்திவிட்டு, நான் இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பினார். அதில் துளிக் கோபம் இல்லை.

"கேட்டனே சாமி" என்றார்.