கேட் வரை போன மணி பிளான்ட்

அம்மாவுக்கு என் மணி பிளான்ட்டைக் கண்டாலே ஆகாது. ஆளுக்கொரு செடி வளர்க்க வேண்டும் என்று பள்ளியில் ஆசிரியை சொன்னதால், அதைப் பால் டின்னில் நட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். வீட்டுக் கொசுவெல்லாம் அதில்தான் குடித்தனம் நடத்துகிறது என்பது அம்மாவின் புகார். அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும், தூக்கிப் போட நல்ல சாக்குக் கிடைத்தது என்று கிளம்பிவிட்டார்.

அப்பா அப்போது வீட்டில்தான் இருந்தார். புக்கிட் ரோத்தானுக்கு வெளியே எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டமொன்றில், உரம் போடும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் அவர். மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கித் தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து அனுப்பியிருந்தார்கள். தினமும் நடக்காவிட்டால் கால் விறைத்துவிடும், பிறகு தோட்டத்து வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவோ நாற்காலியை விட்டு அசைவதில்லை. அவசரத்துக்கு எழுந்தால் அம்மாவின் தோள் வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைச் சட்டத்தில் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அம்மா கெஞ்சியும் பார்த்தார், சண்டையும் போட்டார். "வலி உனக்கா எனக்கா?" என்பார் அப்பா. அதோடு பேச்சு முடியும்.

செடியைக் காப்பாற்றச் சொல்லி நான் அப்பாவிடம் கொண்டுபோனேன். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய மண்டோர் தெரிந்தார்.

"அடி மட்டை மஞ்சளாச்சுன்னா மெக்னீசியம் பத்தல. பாஜா போட்டா சரியாயிரும்லா. பின்னால ஸ்டோர்ல வெள்ளை மூட்டை இருக்கும், ஒரு கை அள்ளிட்டு வா பாப்பா."

உரத்தை அவர் பாஜா என்றுதான் சொல்வார். மரத்துக்குக் கிலோ கணக்கில் போட்டுப் பழகியவருக்கு ஒரு கை என்பது கஞ்சத்தனம். சில நாளில், பச்சையாக இருந்த இலைகளும் ஓரம் கருகின. நான் அழுதேன். "மண்டோர் வைத்தியம் பலமா இருக்கே" என்றார் அம்மா. அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாஜா கூடிப்போச்சு. தண்ணி ஊத்திக் கழுவணும். பாத்ரூமுக்குக் கொண்டு போ."

நான் தூக்குவதற்குள் அம்மா டின்னைப் பிடுங்கிக்கொண்டு போய்க் குளியலறையில் வைத்தார்.

"கெடுத்தது நீங்க. நீங்களே வந்து கழுவுங்க. இவளுக்கு என்ன தெரியும்?"

அப்பா நடைச் சட்டத்திலிருந்த துண்டுகளை வீசி எறிந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்க்க, குளியலறை வரை போய்ச் சேர்ந்தார். ஊற்றிய தண்ணீர் டின்னிலேயே தேங்கி நின்றது. தூக்கி அடியைப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஓட்டையே இல்லை. செம்பனைக்குக் கீழே பூமி இருக்கும். அதே ஞாபகத்தில், டின்னுக்குக் கீழே தகரம் இருப்பதை அவர் யோசிக்கவில்லை. நான் ஆசை ஆசையாக ஊற்றிய தண்ணீரில்தான் வேர் அழுகி இலை மஞ்சளாகியிருந்தது. ஆணி அடித்துத் துளை போட்டு, அழுகிய வேரைக் கிள்ளி, மண்ணை மாற்றினார்.

அதற்குப் பிறகு அம்மாவின் போக்குதான் எனக்குப் பிடிபடவில்லை. வெளிச்சம் பத்தாது என்று செடியைச் சமையலறை ஜன்னலுக்கு மாற்றினார். அங்கே அடுப்புச் சூடு என்று பின்வாசலுக்குக் கொண்டுபோனார். அப்புறம் அதுவும் சரியில்லை என்று, முன்பக்கம் கேட்டுக்குப் பக்கத்தில், மாமர நிழலில் வைத்தார். அப்பா திட்டிக்கொண்டே ஒவ்வொரு நாளும் அவ்வளவு தூரமும் போய் இலையைப் பார்த்து வந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு நாள் செடியை எடுத்து வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். அவர் கை நீட்டுவது அபூர்வம்.

"எடுத்துட்டுப் போய் அங்கேயே வை! இனிமே தொட்டே, கையை உடைச்சிருவேன்."

அந்தச் செடியைச் சாகடிக்காமல் விடுவதில்லை என்று அம்மா கங்கணம் கட்டிக்கொண்டிருப்பதாகவே நான் நம்பினேன்.

ஒரு காலையில் அப்பா வெளியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். நடைச் சட்டம் வாசற்படியிலேயே இருந்தது. அப்பா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். டின்னில் இளம்பச்சையாக ஒரு புது இலை விரிந்திருந்தது. நான் அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, பிழைச்சிருச்சு!"

ஜன்னல் வழியாகக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை. "ஆமாடி, பிழைச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொசுச் செடி என்று அத்தனை திட்டியவர், அதன் ஒரே ஓர் இலைக்காக இப்படி அழுகிறாரே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.