லேப் ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

உடம்பிலிருந்து எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று எழுதித் தருவது என் தொழில். நோயாளியைப் பார்ப்பது அதில் சேர்த்தி இல்லை. என்னைப் போலவே லேப் உள்ளறையில் உட்கார்ந்து தலை நரைத்த சக டாக்டர்களான உங்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

புத்தகத்தில் மட்டும் பார்த்தது

காட்டுப்பாக்கத்துக் குழந்தை, மூன்று மாதம். மூச்சு இரைக்கிறது என்று இரண்டு முறை சளிக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளைத் திட்டு கரையவில்லை. ஸ்கேன் எடுத்தால், நுரையீரலில் கட்டி. எங்கள் பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, கட்டியை பாட்டிலில் போட்டு எனக்கு அனுப்பினார்கள்.

இத்தனை வருட சர்வீஸில் அப்படி ஒன்றை நான் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். சாதுவான கட்டி போலத்தான் இருந்தது. ஆனால் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் புற்றுநோயும் உண்டு. தப்பாகப் புற்று என்று சொன்னால், பச்சைக் குழந்தைக்கு வீணாகக் கீமோ. புற்றைச் சாது என்று விட்டுவிட்டால் உயிரே போகும். வெளியூர் நிபுணர் ஒருவருக்கு ஸ்லைடுகளை அனுப்பிவிட்டு, சர்ஜனிடம் பத்து நாள் கேட்டேன். அவர் போனில் சொன்னார்: "பத்து நாள்னு அந்த அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்களேன் மேடம்."

டீ கிளாஸோடு

பயந்துகொண்டு நான் போகவில்லை. குழந்தையின் அப்பாதான் வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் தினமும் லேப் ஜன்னலில் வந்து நிற்பார். ஏழாம் நாள் டீ கிளாஸோடு வெளியே வந்த என்னை ரத்தம் எடுக்கும் நர்ஸ் என்று நினைத்துவிட்டார். நான்தான் அந்த டாக்டர் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி வரும், நிபுணரிடமிருந்தோ இன்னும் ஒன்றும் வரவில்லை. சிஸ்டராகவே நின்று டீயைக் குடித்தேன். அவர் கேட்டார்: "உள்ள கீற டாக்டரும் மனுசன்தானே சிஸ்டர், ஒரு வார்த்தை சொன்னா இன்னா கொறஞ்சுடும்?"

நல்ல சேதி

பத்தாம் நாள் நிபுணரின் பதில் வந்தது. நான் நினைத்ததேதான்: புற்று இல்லை, கட்டி முழுவதும் வெளியே வந்துவிட்டது, கீமோ வேண்டாம். ரிப்போர்ட் சர்ஜனுக்குத்தான் போக வேண்டும் என்பது விதி. அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒருவராவது என் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் போலிருந்தது. ஜன்னலில் நின்றவரிடம் போய், கெட்ட கட்டி இல்லை, பயப்படாதீர்கள் என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் சிஸ்டர். ஆனா டாக்டரு வாயால கேட்டாதான் மனசு ஆறும்."

அந்தக் குழந்தை இப்போது தவழ்கிறதாம். அதன் நுரையீரல் எனக்கு அணு அணுவாகத் தெரியும், முகம்தான் தெரியாது.