மக்டலினுக்கு ஆறாம் வகுப்பு

றீற்றாவும் நானும் பாலையூற்றில் அடுத்தடுத்த வீடு. ஆஸ்பத்திரி மருந்துச் சாலையிலும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. அவள் தன் மகள் மக்டலினைச் சிங்கள மொழிமூலம் படிக்கப் போட்டபோது முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். சொந்தப் பிள்ளையோடு கதைக்கவே ஒருநாள் அவளுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படும் என்று நக்கலடித்தேன். மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. தொண்ணூறாம் ஆண்டுச் சுற்றிவளைப்பில் அவள் புருசன் ஹெக்டரை ஆமிக்காரர் நிறுத்தி ஏதோ கேட்டார்கள். மனிதருக்குத் தெரிந்த சிங்களம் 'ஓவ்', அதாவது 'ஓம்', என்ற ஒரு சொல்தான். கேட்டதற்கெல்லாம் ஓவ், ஓவ் என்று தலையாட்டினார். ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. என்ன கேட்டார்கள் என்பது பக்கத்தில் நின்ற றீற்றாவுக்கும் விளங்கவில்லை. இன்றுவரை தெரியாது.

மக்டலின் கெட்டிக்காரி. பத்து வயதில் காய்ச்சலுக்குப் பிதற்றுவதும் சிங்களத்தில்தான். சோதனைச்சாவடியில் அவளைக் கண்டதும் வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் உயிர் வரும். மொழிபெயர்க்கச் சொல்லி ஆளாளுக்கு அவளை முன்னுக்குத் தள்ளிவிடுவார்கள். வெட்கமாக இருக்கிறது, நானும் தள்ளியிருக்கிறேன்.

அவளுடைய பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. தொண்ணூற்றேழு முடிவில் ஆறாம் வகுப்புக்கு எங்கே விடுவது என்ற கதை தொடங்கியது. கோயிலடித் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு விடு என்று நான் நின்றேன். ஐந்து வருசத்தைக் கடலில் கொட்டச் சொல்கிறாயோ என்று கேட்டு, றீற்றா துறைமுகப் பக்கத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்துக்கே விண்ணப்பம் எடுத்தாள். அதை நிரப்பியது மக்டலின். அவள் விரல் வைத்த இடத்தில் தாய் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை கொடுக்க இருந்த விண்ணப்பம். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது ஆமியின் கையில் இல்லாத சம்பூரிலிருந்து வந்த தம்பிராசாவைச் சாவடியில் மறித்து வைத்திருந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு மருந்துக்கு வருகிற மனிதர், அவ்வளவுதான் பழக்கம். வழக்கம்போல மக்டலினைக் கூப்பிட்டார்கள். அவள் ஏதோ சொன்னாள். அவரை விட்டுவிட்டார்கள்.

"என்ன கேட்டவங்கள்?" என்றாள் றீற்றா, வீட்டுப் படியில் கால் வைத்தபடி.

"ராத்திரி எங்க படுத்தவர் எண்டு. அவர் அழுதவர், அம்மா. எங்கட வீட்டில எண்டு சொன்னனான்."

வீட்டில் வெளியாள் தங்கினால் ஆமி முகாமில் பதிய வேண்டிய காலம் அது. அந்தக் கிழமை முழுக்க ஒழுங்கையில் வாகனம் நுழைந்தாலே நாங்கள் யன்னலடிக்கு ஓடினோம். யாரும் வரவில்லை. ஆனாலும் றீற்றா என் குசினிக்குள் வந்து இருந்து அழுதாள்.

"பத்து வயசுப் பிள்ளையை ஊருக்கே பிணை வைச்சிட்டன், மலர்."

அப்படியென்றால் தமிழ்ப் பள்ளிக்கூடம்தான் என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றிச் சந்தோசம்கூட இருந்தது. றீற்றா என்னை விட்டுவிட்டு மகளைக் கேட்டாள். இத்தனை நாளும் அவளை யாரும் கேட்டிருக்கவில்லை.

"என்ர வகுப்புப் பிள்ளையள் போற இடத்துக்கே போறன். சாவடியில மட்டும் என்னை முன்னுக்கு விடாதேங்கோ."

விண்ணப்பம் ஒரு கிழமை பிந்திப் போனது. அடுத்த நாளே றீற்றா வார்ட்டில் ஒரு சிங்கள நேர்ஸிடம் சாப்பாட்டு நேரத்தில் பாடம் கேட்கத் தொடங்கினாள். பிள்ளைக்குத் தமிழ் எழுதப் பழக்குவது என் தலையில் விழுந்தது. வாய் காட்டியதற்குக் கிடைத்த கூலி.

தை மாதம், புதுப் பள்ளிக்கூடத்தில் முதல்நாள். நானும் கூடப் போனேன். சாவடியில் சிப்பாய் பழக்கதோசத்தில் மக்டலினைப் பார்த்தான். றீற்றா அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துவிட்டு முன்னுக்குப் போனாள். பெயர் சொன்னாள், இடம் சொன்னாள். பிறகு அவன் வேகமாக ஏதோ கேட்டான். பின்னால் நின்ற பிள்ளை வாயைத் திறந்து, மூடிக்கொண்டது.

றீற்றா தலையாட்டவில்லை.

"தேருணே நே, மாத்தயா," என்றாள். விளங்கவில்லை, ஐயா என்று அர்த்தம். நேர்ஸிடம் பாடம் தொடங்கிய அன்றே கேட்டுப் பாடமாக்கியது அதைத்தான்.

சிப்பாய் கேள்வியை ஆறுதலாக, சொல் சொல்லாகத் திருப்பிக் கேட்டான்.